கேசவன் கம்பத்து மஞ்சள் துணி

என் பேத்தி சென்னையில் இணையப் பக்கங்கள் செய்கிறாள். போன மாதம் வந்தபோது மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். திரையின் தலைமாட்டில் நான்கு பட்டைகள். சேதி சொல்ல நீலம், வேலை நல்லபடி முடிந்தது என்பதற்குப் பச்சை, கவனமாயிரு என்பதற்கு மஞ்சள், நிறுத்து என்பதற்குச் சிவப்பு. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பெருக்கல் குறி.

"படிச்சிட்டா இதைத் தட்டினா போதும் ஆயா, பட்டை மறைஞ்சிடும்" என்றாள்.

"யார் படிச்சிட்டா?" என்று கேட்டேன்.

அவளுக்கு லைட்ஹவுஸ் குப்பத்துக் கேசவனைத் தெரியாது.

எழுபத்தாறில் நான் அந்தக் குப்பத்தில் டீச்சர். கேசவன் கட்டுமஸ்தான ஆள். ஆனால் கரையில் படகை இழுக்கும்போது இடதுகால் அடியில் சிக்கி நசுங்கிப்போனது. கடலுக்குப் போக முடியாதவனுக்கு ஊர்ப் பஞ்சாயத்து ஒரு வேலை கொடுத்தது. விடியுமுன் ரேடியோவில் வானிலை கேட்க வேண்டும், கேட்டதைக் கம்பத்தில் துணியாக ஏற்ற வேண்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு படகிலிருந்தும் அவன் வீட்டுக் குழம்புக்கு மீன் வரும்.

அவனுடைய டிரான்சிஸ்டர் இலங்கை ஸ்டேஷனைப் பிடித்தால் அங்கே வறுபடும் மீனின் வாசனையும் சேர்ந்து வரும். கம்பத்தின் உயரமோ, உச்சியில் உட்கார்ந்த காக்கை தரைக்கு இறங்குவதற்குள் அதற்கு மறுபடி பசியெடுத்துவிடும். இரண்டுக்கும் நானே சாட்சி. ஆனால் இனிமேல் சொல்வதில் ஒரு சொல்கூட நான் அளந்தது இல்லை. அளந்ததாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன்.

நான்கு துணிகளையும் தைத்தவள் அவன் பெண்டாட்டி ராஜம்மா. சிவப்பு ஏறினால் யாரும் போகக் கூடாது. மஞ்சள் என்றால் போகலாம், காற்றைப் பார்த்துச் சீக்கிரம் திரும்பிவிட வேண்டும். நீலம் ஏறினால் ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறது. போன படகு பத்திரமாகத் திரும்பினால் பச்சை. வெறும் கம்பம் என்றால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இதையெல்லாம் வெள்ளைத்தாளில் முத்துமுத்தாக எழுதிக் கொடுத்தவள் நான்.

கொஞ்ச நாளில் ஒரு தொல்லை வந்தது. மஞ்சள் துணி நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது. மீன் வாங்க வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் படகு வராது போலிருக்கிறது என்று திரும்பிப் போனார்கள். "இன்னா பண்றது டீச்சரம்மா?" என்று கேசவன் என்னிடம் வந்தான்.

அந்த ஊரில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இறால் பிடிப்பதற்கு முறை உண்டு. எல்லோரும் ஒரே நாளில் வலை போட இடம் போதாது; சீட்டுப் போட்டு ஒரு நாளைக்கு ஒரு படகு என்று வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இருபது நாளைக்கு ஒருமுறைதான் ஒருவனுக்குப் பாடு வரும். அன்று தவறினால் தவறியதுதான், மறுநாள் அடுத்தவனுடையது.

"ஏன் கேசவா, அன்னன்னிக்கு மஞ்சத் துணி யாருக்கு? பாடு உள்ளவனுக்குத்தானே? அவன் பார்த்தாச்சுன்னா அவனே இறக்கிட்டுப் போகட்டும்" என்றேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு தாளில் கடைசி வரியாக அதையும் சேர்த்தேன்: மஞ்சளைப் பார்த்தவர் இறக்கிவிட்டுச் செல்லலாம்.

ஐந்தாறு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

எண்பத்திரண்டு, கார்த்திகை மாதம். அன்று பாடு தருமனுடையது. அதற்கு முந்தைய இரண்டு பாடும் சிவப்பு ஏறியதால் அவன் கைவிட்டுப் போயிருந்தன. மதியத்துக்கு மேல் பலத்த காற்று வீசும் என்று ரேடியோ சொல்லிவிட்டது. கேசவன் சிவப்பை எடுத்துக்கொண்டு கம்பத்தடிக்கு வந்தான். தருமன் அங்கே தயாராக நின்றிருந்தான்.

"மச்சான், அத்த ஏத்தாத."

"ரேடியோல சொல்லிட்டாங்கடா."

"மத்தியானத்துக்கு மேலன்னு தான சொன்னான்? அதுக்குள்ள நான் வந்து வூட்ல சோறு துன்னுகினு இருப்பேன். ஏற்கெனவே ரெண்டு பாடு போச்சு. இதுவும் போச்சுன்னா என் வூட்டுக்காரி என்னயே காயவெச்சு கருவாடாக்கிடுவா."

"போட்டாலும் உன்ன எவன் வாங்குவான்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்த வாயோடு கேசவன் சிவப்பை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு மஞ்சளை ஏற்றினான். தருமன் அதை அண்ணாந்து பார்த்தான், முறைப்படி இறக்கினான், மடித்துக் கேசவன் கையில் கொடுத்தான், படகைத் தள்ளிக்கொண்டு போனான். கேசவன் டீ குடிக்கப் போய்விட்டான். கம்பம் வெறுமையாக நின்றது.

ராஜம்மாவின் தம்பி கிருஷ்ணன் அக்காவைப் பார்க்க முதல் நாள் வந்திருந்தான். ஊர் சுண்ணாம்புக்குளம், ஏரியைத் தாண்டிப் படகில் பாய் விரித்துப் போக வேண்டும். அன்று காலை புறப்படும்போது வாசலுக்குள் குனிந்து கேட்டான்.

"யக்கா, மாமா கம்பத்துல இன்னா போட்டுகீது?"

ராஜம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லடா. நீ பயப்படாம போ. போய்ச் சேந்ததும் நைனாவ மாத்திர போடச் சொல்லு."

தருமன் பதினொரு மணிக்கெல்லாம் கூடை நிறைய இறாலோடு கரையேறிவிட்டான். கேசவன் சந்தோஷமாகப் பச்சையை ஏற்றினான். அந்தப் பச்சை பறந்துகொண்டிருந்தபோதே காற்று திரும்பியது. ரேடியோ சொன்ன மதியம் வரை அது காத்திருக்கவில்லை. அப்போதுதான் ராஜம்மா புருஷனிடம் வந்து சொன்னாள்.

"யோவ், கிருஷ்ணன் ஏரில போய்க்கினு கீறான்யா."

"யார் போகச் சொன்னது?"

"நான்தான். கம்பத்துல ஒண்ணுமே இல்லையே."

கேசவன் நசுங்கிய காலை இழுத்துக்கொண்டு ஓடியதை நான் பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்தேன். தருமனும் இன்னும் நாலு பேரும் படகெடுத்தார்கள். காற்று அவர்களைக் கரைக்கே திருப்பித் தள்ளியது. மூன்றாம் நாள் கிருஷ்ணனைக் கோரைப்புல் ஓரத்தில் கண்டெடுத்தார்கள்.

பஞ்சாயத்து கூடியது. பெரியவர் தேசப்பன் கேட்டார்:

"செவப்பு ஏத்த வேண்டிய நாள்ல ஏன் மஞ்சள் ஏத்துன?"

"தப்புதான்."

"சரி. ஏத்துன மஞ்சளயாவது வுட்டு வெக்கக் கூடாதா? பாத்தவனே எறக்கிட்டா, பாக்காதவனுக்கு எப்படிய்யா தெரியும்? எந்தப் புத்திசாலி போட்ட ரூல் அது?"

பெண்கள் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். கேசவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான்தான் போட்டேன்" என்றான்.

ஊரில் எதற்கெடுத்தாலும் வாய் திறக்கிறவள் நான். அமாவாசைக்கு வந்த திமிங்கலத்துக்கு வழி சொல்லி அனுப்பினேன் என்று வகுப்பு முழுவதையும் நம்பவைத்தவள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. டீச்சர் என்கிற மரியாதையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு கேசவன் மஞ்சள் ஏற்றினால் பொழுது சாயும்வரை கம்பத்தடியை விட்டு நகர மாட்டான். வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் வாயாலும் சொல்வான். தருமன் கார்த்திகையில் வருகிற தன் பாடு முறையை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்துவிடுவான். எந்த வருஷமும் அந்த மாதம் அவன் வலை நனைந்ததில்லை. ராஜம்மா புருஷனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் அவள் அந்தக் கம்பத்தை ஏறிட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டாள். தினமும் காலையில் அவனிடமே கேட்பாள்: "இன்னிக்கி இன்னா?" அவன் நிறத்தைச் சொல்வான். அந்த வீட்டில் பேச்சு அவ்வளவுதான்.

எண்பத்தெட்டில் கேசவன் காய்ச்சலில் இறந்தான். அவனை எடுத்துக்கொண்டு போன பிறகு ராஜம்மா ஒரு டப்பாவைத் திறந்து நான் எழுதிக் கொடுத்த தாளை நீட்டினாள்.

"இத்த உங்க கையில குடுக்கச் சொன்னாரு டீச்சரம்மா. எனக்கு எழுத்து தெரியாது. இன்னா எழுதிகீது?"

மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. கடைசி வரிக்கு வந்ததும், "அவ்வளவுதான் ராஜம்மா" என்று தாளை மடித்துவிட்டேன்.

இதையெல்லாம் கேட்ட பேத்தி மஞ்சள் பட்டையின் பெருக்கல் குறியை எடுத்துவிட்டாளாம். ராஜம்மா இருந்தால் ஒருமுறை போய் அந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டியிருப்பேன். அவள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.