ஒடியாத படங்கு

எனக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். பாலக்காட்டு எல்லையில் கொங்குத் தமிழ் பேசும் நல்லேப்பிள்ளிக்காரன் அல்லவா, திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவேன். அப்படி மரியாதையாகவே ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கினேன். இன்று என்னைப் பாலிமர் ஆராய்ச்சியாளன் என்று நாலு பேர் மதிக்கிறார்கள் என்றால், அதற்கு அவர் அன்று சொன்ன பதில்தான் காரணம்.

எழுபதுகளின் நடுவில், கல்லூரி வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு, டாக்டர் பட்டத்துக்காக பிளாஸ்டிக் ஷீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பி.வி.சி. தன்னியல்பில் விறைப்பானது. ஒருவகை எண்ணெயைக் கலந்தால் துணிபோல மடங்கும். அந்த எண்ணெய் வெளியேறிவிட்டால் அப்பளம்போல ஒடியும். மலைத்தோட்டத்து மழையையும் குளிரையும் தாங்குகிற மெல்லிய ஷீட் செய்வதுதான் என் ஆராய்ச்சி. நாலு வருஷம் மாற்றி மாற்றிக் கலந்து ஒரு பக்குவத்தைப் பிடித்திருந்தேன்.

மூணாறு பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு, மழை தொடங்கும் முன், அந்த ஷீட்டைப் படங்காகக் கொடுத்தேன். செடி கீறாமல், சேலை நனையாமல் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை கட்டிக்கொள்வதற்குப் படங்கு என்று பெயர். தண்ணீரில் மட்டும் கழுவ வேண்டும் என்று, அவர்களை வேலை வாங்கும் கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. படித்த திமிர், வேறென்ன.

மார்கழியில் திரும்பிப் போனேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் படங்குகளை விரித்துக் காட்டினார்கள். முதல் பதினொன்றும் கீழ்ப்பக்கம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடந்ததால், குளிர்தான் ஒடித்துவிட்டது என்று முடிவுகட்டினேன். குளிர் தாங்காவிட்டால் அந்தக் கலவையைத் தலைமுழுகிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடு என்று என் பேராசிரியர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நாலு வருஷமும் போச்சு, பட்டமும் போச்சு.

பன்னிரண்டாவது படங்கைக் கொண்டுவந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். ஏழு மாதக் கர்ப்பிணி. அவருடைய படங்கை மடித்தேன், மடங்கியது. முறுக்கினேன், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன், எரிந்து விழுந்தேன்.

"ஏனுங்கக்கா, இதைக் கட்டவே இல்லீங்களா? பொட்டிக்குள்ள மடிச்சு வெச்சிருந்தீங்களாட்ட இருக்குது."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க? அத்தன மழையிலயும் இதக் கட்டிக்கிட்டுத்தான் நின்னேன். கறையப் பாருங்க."

இடுப்பு மடிப்பில் தேயிலைக் கறை கறுப்பாக அப்பியிருந்தது. கங்காணி, "சார்ட்ட எதுத்துப் பேசாத" என்று அதட்டினார். அந்தப் பெண் காதில் வாங்கவில்லை.

"இவளுகள்லாம் அட்டை ஏறாம இருக்க, காலுலயும் படங்கு ஓரத்துலயும் மண்ணெண்ண தேய்ப்பாளுக. எனக்கு அப்ப மசக்கை. அந்த வாடை பட்டாலே குமட்டும். நான் புகையிலத் தண்ணிதான் தடவுனேன். இதுல வேற என்ன வித்தியாசம் சார்?"

மண்ணெண்ணெய் பட்டால் ஷீட்டில் உள்ள எண்ணெய் கரைந்து அதோடு போய்விடும். முதல் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். அட்டை கடிக்கிற ஊரில் காலுக்கு என்ன தடவுகிறீர்கள் என்று கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

"தப்பு என்னோடதுங்க்கா, மன்னிச்சுக்குங்க. சோதிச்சுப் பார்க்க இந்தப் படங்கை எடுத்துட்டுப் போகட்டுங்களா?" என்றேன்.

"சரி விடுங்க சார்" என்றார். முகம் தெளியவில்லை. "அதுல பாதிய எனக்குத் தந்துட்டுப் போங்க. புள்ளைக்கு விரிக்க ஆகும்."

பாதியைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டு மீதியோடு ஊர் திரும்பினேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டை மண்ணெண்ணெயிலும், ஒன்றைப் புகையிலைத் தண்ணீரிலும், ஒன்றைப் பனிக்கட்டிக்குள்ளும் போட்டுவைத்தேன். மறுநாள் மண்ணெண்ணெய்த் துண்டு விரலுக்கிடையில் படக்கென்று ஒடிந்தது. மற்ற இரண்டும் மடங்கின. பேராசிரியர் தானும் ஒருமுறை மடித்துப் பார்த்துவிட்டு, "எழுத ஆரம்பி" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மண்ணெண்ணெய் எளிதில் கரைக்காத வேறொரு எண்ணெயைக் கலந்து, அடுத்த மழைக்குப் புதுப் படங்குகளோடு போனேன். இந்தத் தடவை கங்காணியை விட்டுவிட்டு, பன்னிரண்டு பேரிடமும் உட்கார்ந்து பேசினேன். படங்கு ஒடியாத அந்தப் பெண்ணிடம் கடைசியாகப் போனேன். ஆய்வேட்டில் நன்றி சொல்லும் பக்கத்தில் அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"என் பேரு எதுக்கு சார்? இத எழுதிக்கோங்க" என்று கீழே காட்டினார். நான் கத்தரித்துக் கொடுத்த பாதிப் படங்கின்மேல் குழந்தை காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. "ராவும் பகலும் மூத்திரம் பேயுது, தினமும் அலசிப் போடுதேன், இன்னும் ஒடியல. பொட்டியில வைக்கல சார், நல்லாப் பாத்துக்கோங்க."

நோட்டை எடுத்து, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.