பட்டை போன அப்பிள் மரம்

இந்தக் குளிர்நாட்டில், ஹவுகெட்டோ என்ற ஊரில், எங்கள் வளவு அப்பிள் மரத்தின் அடிப்பட்டையைப் பனிக்காலத்தில் முயல்கள் சுற்றிவரக் கடித்துவிட்டன. அந்த வெள்ளை வளையத்தைத் தடவிப் பார்க்கிறேன். மேலே பூ குலுங்குகிறது.

சிறுவயதில் இதே நாட்டில் நாங்கள் இருந்த வீட்டு அப்பிள் மரத்துக்கும் இதுதான் நடந்தது. அந்த வருடப் பழங்களில் என்றுமில்லாத இனிப்பு.

“தண்ணி உள்மரத்தாலை மேலை ஏறும். இலை செய்யிற சீனி பட்டையாலைதான் வேருக்கு இறங்கும். பட்டை இல்லை, அதுதான் எல்லாம் பழத்திலை நிக்குது,” என்றார் அப்பா.

“அப்ப வேர்?” என்று அம்மா கேட்டார்.

“பட்டினிதான்.”

போரால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த காலம் அது. அங்கிருந்த தாய் தகப்பனுக்கு அம்மாவால் எதையும் அனுப்ப முடியவில்லை. கடித்த பழத்தை அவர் மேசையில் வைத்தார். பிறகு அவர் அப்பிள் தின்று நான் பார்த்ததில்லை.

“இந்த முறை நிறையக் காய்க்கும், அம்மா,” என்கிறாள் பக்கத்தில் நிற்கும் என் மகள்.

“ஓம். நல்லா இனிக்கும்.”