ஆடி மாதத்தில் நின்றுபோன கார்

எங்கள் சித்தப்பாவுக்குக் கார் பைத்தியம் என்று ஊரில் சொல்வார்கள். அது அத்தனை சரியில்லை. ரோட்டில் ஓடிய எந்தக் காரையும் அவர் காராக மதித்ததே கிடையாது. இங்கிலாந்தில் ஒரு கம்பெனி செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத, கம்பிச் சக்கரம் வைத்த கார் மட்டும்தான் அவர் கணக்கில் கார். மற்றதெல்லாம் டப்பா. அறுபதுகளில் தருமபுரிப் பக்கம் அப்படியொரு கார் இருந்ததென்றால் அது எங்கள் வீட்டுக் கொட்டகையில்தான் இருந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது சித்தப்பாவிடம் விட்டுப்போன கரும்பச்சை வண்டி அது.

அந்தக் கம்பெனியின் சின்னத்துக்கு எட்டு மூலை. பிறகு சித்தப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் எட்டு மூலையாகத்தான் தெரிந்தது. கொட்டகைக் கதவில் எட்டு மூலை, சாவிக்கொத்தில் எட்டு மூலை. கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் சுழிக்குக் கீழே அதைப் போடச் சொல்லி அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். தாத்தா நேரில் போய் எடுக்க வைத்தார். அதே கம்பெனி வண்டி எதிரே வந்தால் கையைத் தூக்க வேண்டும், சீமையில் அதுதான் மரியாதை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஜில்லாவில் அந்தக் கம்பெனி வண்டி வேறு ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் நான் கையைத் தயாராகத்தான் வைத்திருப்பேன்.

இரண்டு சீட்டில் ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. எனக்கு அப்போது எட்டு வயது. சாவியைத் திருப்பியதும் கிளப்பிவிடக் கூடாது, காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பார். பானெட்டுக்குள் பெட்ரோலை இழுத்துவிடும் சின்ன மோட்டார் ஒன்று டிக் டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும். "தண்ணி குடிக்குது பாப்பா. தாகம் தீந்ததும் அடங்கிரும், அப்பறந்தான் எடுக்கணும்." அந்தச் சத்தம் வராவிட்டால் என்ன பார்க்க வேண்டும், எந்த ஒயர் எங்கே போகிறது என்பதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால்தான் திக்கும்.

அந்த வருஷம் ஆனியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குப் பென்னாகரம் போகும் ரோட்டில் ஒரு ஊர். கல்யாணம் முடிந்து பெண் அழைத்து வரும்போது சித்தி பெண்களோடு ஒரு டப்பாவின் பின்சீட்டில் வந்தார். முன்னால் சித்தப்பா தன் காரில் போனார், பக்கத்தில் நான். பெரியவர்கள் கண்ணெதிரே, கூரையில்லாத வண்டியில், புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. எங்கள் வீட்டில் சித்தி வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. சித்தப்பாவும் அவர் இருக்கும் பக்கம் போக வெட்கப்பட்டுக்கொண்டு கொட்டகையிலேயே கிடந்தார். நாங்கள் பதினைந்து பேர் இருந்த வீடு அது.

பழகத் தொடங்குமுன் ஆடி பிறந்துவிட்டது. சித்தியின் அப்பா வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனார். புதுப்பெண் ஆடி முழுக்கப் பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. மீறினால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு. ஏன் என்று அம்மாவைக் கேட்டதற்கு, போய் விளையாடு என்றார்.

சித்தப்பா இளைத்துப் போனார். கார் விளக்கைத் துடைக்கத் தொடங்கினால் துடைத்துக்கொண்டே நிற்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வண்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தாவிடம் வந்து நின்றார்.

"ஒகேனக்கல்ல தண்ணி பொங்கிப் போவுதாங்கப்பா. பாப்பாவுக்குக் காட்டிட்டு வந்தர்றேன்."

"பென்னாகரம் வழிதான போவணும்?"

"வேற வழி இல்லீங்களே."

தாத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வழியில எங்கியும் நிக்காத போய்ட்டு வா."

நான் பரிசலில் போகப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு ஏறினேன். ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. சித்தியின் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரத்தடியில் சித்தப்பா நிறுத்தினார். பானெட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டார், மூடினார், மறுபடி கிளப்பினார். குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலுக்கு வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பது அவருக்கு அத்துப்படி. சித்தியின் வீட்டு வாசலுக்கு நேரே வந்ததும் கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. இத்தனை நீள ரோட்டில் தெரிந்தவர் வீட்டு முன்னாலா நிற்க வேண்டும் என்று நான் அதிசயப்பட்டேன்.

சித்தியின் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "வாங்க மாப்ளை. என்னங்க இந்தப் பக்கம்?"

"ஒகேனக்கல் போறோங்க மாமா. வண்டி நின்னு போச்சுங்க."

அவர் காரைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "ஆடி மாசம், வூட்டுக்குள்ள வாங்கன்னு கூப்பிட முடியாதுங்க. வேப்பமரத்து நெழல்ல தள்ளி நிறுத்துங்க. வாசப்படி ஏறாத வரைக்கும் ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டு காட்டுப் பக்கம் போய்விட்டார்.

சித்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை. சித்தப்பா ரிப்பேர் பார்க்காமல், இது வேகம் காட்டுவது, இது சூடு காட்டுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். பாதி தப்பாகச் சொன்னார். நான்தான் திருத்தினேன். கொஞ்ச நேரத்தில் சித்தி என் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"காத்து மூஞ்சில அடிக்காதுங்களா?" என்றார் சித்தி.

"அடிக்கும். அதுக்குத்தான் இந்த வண்டி."

சித்தி சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஓடாத காரில் உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருந்தார், ரோடு ஓடுகிற மாதிரி.

பொழுது போய்க்கொண்டிருந்தது. இவர் ரிப்பேர் பார்க்கிற வழியாக இல்லை. நானே பானெட்டின் பக்கத்து மூடியைத் தூக்கினேன். சின்ன மோட்டாரின் ஒயர் கழன்று தொங்கியது. அதை மாட்டித் திருகினேன், ஓடி வந்து சித்தப்பாவின் மடிக்கு மேலாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக்.

"சித்தப்பா, ஒயரு கழண்டிருந்துச்சு! நான் மாட்டிட்டேன்!"

வேறு நாளாயிருந்தால் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டிருப்பார். அன்று, "கெட்டிக்காரி" என்றார், குரலே எழும்பாமல். சித்தி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். சித்தப்பா கிளப்பினார். அந்தப் பாழாய்ப்போன கார் ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டது.

சத்தம் கேட்டு சித்தியின் அப்பா வந்தார். "சரியாப் போச்சுங்களா மாப்ளை?"

"ஆமாங்க மாமா. கெளம்பறோங்க."

சித்தி தலையைக் குனிந்துகொண்டு செம்பை எடுத்தார். சித்தியின் அப்பா மகளைப் பார்த்தார். பிறகு காரின் அருகே வந்து, காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இல்லீங்க மாப்ளை. சத்தம் சரியில்ல, என்னமோ ஒதறுது. மலையெறக்கத்துல நின்னு போச்சுன்னா கொழந்தைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? அமத்துங்க. வெயில் தாழற வரைக்கும் ஆறட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நல்லாத்தான் ஓடுது தாத்தா!"

"உனக்குத் தெரியாது கண்ணு."

எனக்கா தெரியாது! அந்த ஆள் ஆயுளில் மாட்டுவண்டி தவிர எதையும் ஓட்டியதில்லை. சித்தப்பாவாவது எடுத்துச் சொல்வார் என்று பார்த்தால், அவர் மறுபேச்சில்லாமல் அணைத்துவிட்டார். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கன்றுக்குட்டி காட்டக் கூட்டிப்போனார். அதன் பிறகு கிணறு. அதன் பிறகு கேழ்வரகுக் காடு, மறுபடியும் அதே கன்றுக்குட்டி. போலாம் தாத்தா என்று நான் இழுத்தபோதெல்லாம், வண்டி இன்னும் ஆறியிருக்காது என்றார். வேப்பமரத்துப் பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒகேனக்கல் போகவேயில்லை. பொழுது சாய வீடு திரும்பியபோது தாத்தா என்னைக் கூப்பிட்டு, தண்ணி எப்படி இருந்தது என்று கேட்டார். ஆத்திரத்தோடு ஒன்றுவிடாமல் சொன்னேன். கார் நின்றது, ஒயர் கழன்றிருந்தது, நான் மாட்டியது, எல்லாம். "சித்தியோட அப்பாவுக்குக் காரப் பத்தி ஒண்ணுமே தெரியல தாத்தா. நல்லா ஓடற வண்டிய, சத்தம் சரியில்லன்னு சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வச்சிட்டாரு."

சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாத்தா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"பெரிய மனுசன்யா அவரு," என்றார்.

ஒரு காரின் சத்தம் நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்றுகூடத் தெரியாத ஒருவரைத் தாத்தா எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.