முடி மாத்திரை விற்றவர்

விதைக்காரம்மா ஆளி விதை ஒன்றை முன்பல்லால் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்கிறார். கசந்தால் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவார். "எண்ணெய் கெட்டுப்போச்சுப்பா. இதைத் தின்னா ஹார்மோன் சரியாகாது, வாய்தான் நாறும்" என்று கொண்டுவந்தவர் முகத்துக்கு நேராகச் சொல்வார்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பத்தடி அகலக் கடை. மூன்று சுவரிலும் சத்துப் பொடி டப்பாக்கள், மாத்திரைக் குப்பிகள். முதலாளி வேறொருவர். வருகிறவர்கள் தேடுவது விதைக்காரம்மாவைத்தான். வயது ஐம்பத்திரண்டு. முன்பு ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்தவர். இங்கே ஒன்பது மணி நேரம் நிற்கிறார். நாற்காலி இருக்கிறது, அதில் பாதாம் மூட்டை உட்கார்ந்திருக்கிறது.

"ஹார்மோனுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் போதும், பிடித்துக்கொள்வார். "எந்த ஹார்மோனுக்கு? உள்ள ஒரு பட்டாளமே இருக்கு. சரி, ராத்திரி தூங்குறியா?"

"ரெண்டு மணி வரைக்கும் போன் பாப்பேன்க்கா."

"அப்ப பொடியை உன் போனுக்குக் கரைச்சு ஊத்து."

பாதிப் பேரை வெறும் பூசணி விதையோடு அனுப்பிவிடுவார். டப்பாக்களில் ஒட்டியிருக்கும் வாக்குறுதிகளில் பாதி புளுகு என்று ஒருநாள் அவரிடமே சொன்னேன். "பாதிதானா? தாராள மனசுங்க உங்களுக்கு" என்றார்.

போன திங்கட்கிழமை நான் எள் வாங்க நின்றபோது ஒரு தையல்காரப் பெண் வந்தாள். முகம் உப்பியிருந்தது. தைராய்டு குறைவு, தினமும் மாத்திரை போடுகிறவள். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவுக்கு மேல் இருப்பதாக வந்ததாம். மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். அதிலிருந்து மெஷினிலேயே தூங்கி விழுகிறாளாம்.

"தெம்புக்கு ஏதாவது பொடி குடுங்கக்கா. இன்னொரு தடவை ஊசியில விரலைக் குடுத்தேன்னா வேலை போயிடும்."

முதலாளியின் கை அதற்குள் அலமாரிக்குப் போய்விட்டது. விதைக்காரம்மா பரிசோதனைச் சீட்டை வாங்கினார். கடைசி வரியில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில், விரல் நின்றது.

"டெஸ்ட் எடுத்த அன்னிக்குக் காலையில, நான் குடுத்த முடி மாத்திரையைப் போட்டியா?"

"போட்டேனே. நீங்கதானேக்கா ஒரு நாள்கூட விடாதேன்னீங்க."

விதைக்காரம்மா சீட்டை அவள் பக்கம் திருப்பி, அந்த வரியைக் காட்டினார்.

"அதுல பயோட்டின்னு முடிக்கான ஒரு வைட்டமின் இருக்கும்மா. அதைப் போட்டிருந்தா இந்த டெஸ்ட் தைராய்டைக் கூடுதலாத் தப்பாக் காட்டலாமாம், இதோ எழுதியிருக்கான். நீ தைராய்டு மாத்திரை போடுறியான்னு கேக்காமலே வித்தேன். தப்பு என்னோடது."

முதலாளி தொண்டையைச் செருமினார். "அக்கா, அதையெல்லாம் டாக்டர் பாத்துக்குவாரு. நம்ம சரக்கை நீங்களே குத்தம் சொன்னா, நாளைக்கு உங்களை எதுக்கு நான் வேலைக்கு வெச்சுக்கணும்?"

"அதைச் சாயங்காலம் யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. இவ இப்பவே கிளம்பணும்."

சீட்டின் ஓரத்தில் மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுத்தார். "நேரா டாக்டர்கிட்ட போ. எத்தனை நாள் இதை நிறுத்திட்டு மறுபடி டெஸ்ட் எடுக்கணும்னு கேளு. தைராய்டு மாத்திரையை நீயாக் கூட்டிப் போட்டுடாத, என்ன?"

அவள் போன பிறகும் முதலாளி நகரவில்லை. விதைக்காரம்மா அலமாரியிலிருந்த முடி மாத்திரைக் குப்பிகள் அத்தனையையும் இறக்கி மேசையில் நிறுத்தினார். தடித்த பேனாவைத் திறந்தார். முதல் குப்பியின் நெற்றியில், ஒட்டிய படத்தில் சிரிக்கும் பெண்ணின் கூந்தலுக்குக் குறுக்கே எழுதினார்: 'ரத்த டெஸ்ட்டுக்கு முன் டாக்டரிடம் சொல்லவும்.'

மை காய ஊதினார். முதலாளியின் கைக்கு எட்டும் தூரத்தில் அதை வைத்துவிட்டு, அடுத்த குப்பியை எடுத்தார்.