கிளட்ச்சில் வைத்த கால்

அக்கா வீட்டு பீரோவின் மேல், பழைய காலண்டர்களுக்கும் மடக்கி வைத்த கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கும் நடுவில், துணிக்கடைப் பையில் சுற்றிய ஒரு பெடல் இருக்கிறது. கறுப்பு நிறம், உள்ளங்கை நீளம், மேலே மிதிக்க ஒரு தகடு, பின்னால் ஒரு வயர். கீபோர்டில் செருகி மிதித்துக்கொண்டே வாசித்தால் கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஓசை நீளும். காலை எடுத்தால் நின்றுவிடும். அதன் வேலை அவ்வளவுதான். மாமா ஒரு நாளும் அதைப் பெடல் என்று சொன்னதில்லை. கிளட்ச் என்பார். மற்றவர்கள் வலது காலால் மிதிப்பதை அவர் இடது காலால் மிதிப்பார். இருபது வருடங்களுக்கு மேல் டிரெய்லர் ஓட்டியவர். வலது கால் ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் என்று எழுதி வைத்தது போல அவருக்கு.

மாமா என் அக்காவின் கணவர். தண்டையார்பேட்டையில் ஒன்றரை அறை வீடு. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் போய், சம்பளம் நின்ற இடத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தவன். மணலியில் டேங்கர் கழுவியிருக்கிறேன். எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் கிரேனுக்குக் கீழே நின்று கைகாட்டியிருக்கிறேன். ஆந்திரா பக்கம் ஒரு லாரி ஷெட்டில் எட்டு மாதம் படுத்திருக்கிறேன். எங்கே போனாலும் கடைசியில் டோல்கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி அக்கா வீட்டு வாசலில்தான் நிற்பேன். "இன்னாடா, இத்தினி நாளா எங்க சுத்திகினு இருந்த?" என்று அக்கா கேட்பாள். மாமா எதுவும் கேட்க மாட்டார். "மச்சான் வந்துகிறான், இன்னும் ரெண்டு மீனு சேத்துப் போடு" என்பார். அந்த வீட்டில் என்னிடம் கணக்குக் கேட்காத மனிதர் அவர் ஒருவர்தான். அதை நினைக்கும்போது பின்னால் நடந்தது இன்னும் கனக்கிறது.

மாமா ராயபுரத்துக் கோயில் பாடற்குழுவில் சின்ன வயதில் வாசிக்கப் பழகியவர். வீட்டில் அவருடைய பழைய கீபோர்டு ஒன்று இருந்தது. ஒரு மழை வருடம் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்ததில் அதன் ஓசை கரகரத்துக் கெட்டுப்போனது. கட்டைகள் மட்டும் நன்றாக இருந்தன. அதை ஒரு கேபிளில் என் போனோடு இணைத்து, போனில் இருக்கும் ஆப்பிலிருந்து பியானோ ஓசையை வரவழைத்தது நான்தான். மாமா அன்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எட்டாங்கிளாஸுனு எவன்டா சொன்னான் உன்னிய?" என்றார். என் வாழ்க்கையில் நான் படித்தவனாக உணர்ந்த நாள் அது.

எனக்கு இதெல்லாம் வீடியோ பார்த்து வந்த அறிவுதான். ஆனால் ஒன்றை நான் சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். அந்தக் கேபிளில் ஓசை போவதில்லை, செய்திதான் போகிறது. இதை மிடி என்கிறார்கள். எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தமாக, எப்போது விட்டது என்று ஒரு வகைச் செய்தி. திருகும் குமிழ், மிதிக்கும் பெடல் இவற்றுக்கெல்லாம் இன்னொரு வகை. அதில் இரண்டே எண்கள்தான் முக்கியம்: எந்தக் குமிழ் அல்லது பெடல், அது எந்த அளவில் இருக்கிறது. ஒலி அளவுக்கு ஏழாம் எண். பெடலுக்கு அறுபத்து நான்காம் எண். அளவு பூஜ்யத்திலிருந்து நூற்று இருபத்தேழு வரை. கிரேனுக்குக் கீழே நின்றவனுக்கு இது புரியாமல் போகுமா? நான் கையைத் தாழ்த்தினால் மேலே இருப்பவன் பெட்டியை இறக்குவான். பெட்டியை நான் தொடுவதே இல்லை. என் சைகையை அவனுக்கு யாராவது மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் இதைச் செய்தேன்.

முதலில் இரண்டு மூன்று விசேஷங்களுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். ஒரு பிறந்தநாள் விழாவில் பாட வந்த பெண்ணின் துப்பட்டா கீபோர்டின் ஒலிக் குமிழில் சிக்கி இழுக்க, அது பூஜ்யத்துக்குப் போய்விட்டது. நடுப் பாட்டில் சத்தமே இல்லை. "போன்ல வாசிக்கிறவனையெல்லாம் எவன் கூட்டியாந்தது?" என்று அந்தப் பெண் மைக்கிலேயே கேட்டாள். அந்த அவமானம் எனக்கு மறுபடி வரக்கூடாது என்று முடிவு செய்தேன். கீபோர்டுக்கும் பியானோ ஆப்புக்கும் நடுவில் நான் போட்டிருந்த இன்னொரு ஆப்பில், செய்திகளைப் போகிற வழியில் திருத்தலாம். ஒலி அளவு எழுபதுக்குக் கீழே போகக்கூடாது என்று அதில் ஓர் எல்லை வைத்தேன். யார் குமிழைத் தட்டினாலும் எழுபதில் நிற்கும். அந்தப் பக்கத்தின் அடியில், 'எல்லாக் கட்டுப்பாடுகளுக்கும்' என்று பொருள்படும் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் டிக் செய்தேன். அதிகம் இருந்தால் அதிகப் பாதுகாப்பு என்று நினைக்கும் ஆள் நான்.

அடுத்த விசேஷம் மாமாவோடு வண்டி ஓட்டும் ஒருவருடைய மகள் கல்யாணம். கோயிலில் பூசை முடிந்து, பக்கத்து ஹாலில் மதியச் சாப்பாடு. முன்வரிசை நாற்காலிகளில் டிரெய்லர் ஓட்டுநர்களாகவே உட்கார்ந்திருந்தார்கள். துறைமுக வாசல் வரிசையில் நாள் கணக்காக ஒன்றாகக் காய்ந்தவர்கள். ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பியைவிட நெருக்கம். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். கீபோர்டு ஸ்டாண்டுக்கு ஹால்காரர்கள் பட்டுத்துணி சுற்றியிருந்தார்கள். நான் போனோடு அவர் இடப்பக்கத்தில் இருந்தேன்.

பாட்டு நன்றாகத்தான் தொடங்கியது. மாமா முதல் முறை பெடலை மிதித்து எடுத்தார். ஓசை நிற்கவில்லை. அடுத்து வாசித்தது அதன் மேல் ஏறியது. அதற்கடுத்தது அதன் மேல். கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்கச் சேறு கலக்கியது போல ஆகிவிட்டது. பாடுகிறவருக்குச் சுருதி கேட்கவில்லை, நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் ஆப்பை மூடித் திறந்தேன். சரியானது. மாமா மறுபடி மிதித்தார், மறுபடி சேறு. எல்லோரும் என் போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பெண் மைக்கில் கேட்டது என் காதில் மறுபடி விழுந்தது. நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "மாமா, காலை எடு மாமா. காலு அதுமேலயே கீது."

முன்வரிசையில் ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். "இன்னா நைனா, கிளட்ச்சுல கால வெச்சிகினே ஓட்டுறியா?" ஹாலே சிரித்தது. டிரெய்லர்காரனை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. கிளட்ச்சில் காலை ஓய்வாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் கிளட்ச் தட்டைத் தேய்த்து ஓனரின் வண்டியைத் தின்கிறவன், நேற்று பழகியவன். மாமாவும் சிரித்தார். பிறகு பெடலைத் தொடாமலே மீதிப் பாட்டுகளை வாசித்து முடித்தார்.

வீட்டுக்கு வந்தோம். சாப்பிட்டபின் மாமா இடது காலை மடியில் தூக்கி வைத்து விரல் விரலாகக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மரத்துப் போகும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கே அப்படி ஆகியிருந்தது. "மச்சான், நான் தூக்கிட்டேன்னு தான் நெனச்சேன். தூக்கலியா?" என்று கேட்டார். "தெரியல மாமா" என்றேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் மெல்லிய தூண்டில் நரம்பு போன்ற ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்களாம். பயத்தில் இரண்டு இடத்தில் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். கவனமாக இருங்கள், மறுபடி வந்து காட்டுங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். வண்டி ஓட்டாதே என்று யாருமே சொல்லவில்லை. மறுபடி போய்க் காட்டவும் மாமா துணியவில்லை. தானாகவே சாவியைக் கொண்டுபோய் ஓனரிடம் கொடுத்தார். "எங்க கீதுனே தெரியாத காலை வெச்சிகினு நாப்பது டன்ன ரோட்ல இழுத்துகினு போவக் கூடாதுமா. முன்னாடி ஸ்கூல் புள்ளைங்க ஆட்டோ போவும்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா அழுதாள். பிறகு, வீட்டில் இருக்கிறாரே என்று கொஞ்சம் நிம்மதியும் பட்டாள். மாமா திருவொற்றியூரில் ஒரு யார்டில் கேட் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அவரோடு ஓட்டியவர்கள் வரும்போதெல்லாம் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட வேண்டும். "இன்னா கிளட்ச்சு, சௌக்கியமா?" என்று மேலிருந்து கேட்டுக்கொண்டு போவார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பெடல் பீரோ மேல் ஏறியது. கீபோர்டை அவர் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

நான் அடுத்த மாதமே ஊரைவிட்டுப் போய்விட்டேன். உண்மை தெரிந்தது ஆந்திராவில், லாரி ஷெட்டில், ஒரு மத்தியானம். வேறொருவரிடமிருந்து இரவல் வாங்கிய கீபோர்டையும் பெடலையும் அதே போனில், நான் வைத்த அதே எல்லையோடு இணைத்து, போகிற செய்திகளை வரிவரியாகக் காட்டும் ஒரு ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெடலை மிதித்தேன்: அறுபத்து நான்கு, நூற்று இருபத்தேழு. எடுத்தேன்: அறுபத்து நான்கு, எழுபது. மறுபடி எடுத்தேன். எழுபது. பூஜ்யம் வர வேண்டிய இடம். ஓசை கொடுக்கும் ஆப் பெடலின் அளவில் அறுபத்து நான்கையும் அதற்கு மேலேயும் 'மிதித்திருக்கிறார்' என்றும், அதற்குக் கீழே 'எடுத்துவிட்டார்' என்றும் எடுத்துக்கொள்ளும். மாமாவின் கால் ஒவ்வொரு முறையும் பூஜ்யம் என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நடுவில் நின்று அதை எழுபதாக்கி அனுப்பியது என் எல்லைக்கோடு. நான் டிக் செய்த அந்தச் சின்னக் கட்டம்.

அன்றே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. இப்படி நினைத்துக்கொண்டேன்: எப்படியும் சர்க்கரை உள்ள மனிதர்; டிரெய்லர் உடம்பைக் கெடுக்கும் வேலை; வரிசையில் தண்ணீர்கூட இல்லாமல் கிடக்க வேண்டும்; அக்கா நிம்மதியாகத் தூங்குகிறாள். எல்லாம் நல்லதுக்குத்தான் என்றேன். நான் செய்த தப்புக்கு நான் கண்டுபிடித்த நல்லது அது. நான்கு வருடம் அதை வைத்துக்கொண்டு ஓட்டினேன். இடையில் மூன்று முறை அக்கா வீட்டுக்கு வந்து, மாமா தட்டில் வைத்த மீனைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறேன்.

போன மாதம் வந்தபோது மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். யார்டில் எல்லோருக்கும் மருத்துவ முகாம் நடத்தியிருக்கிறார்கள். "மச்சான், அந்த டாக்டரம்மா எல்லா எடத்துலயும் தொட்டுப் பாத்துச்சு. ஒண்ணு விடாம சொன்னேன். காலு முழுசா நல்லா கீதாம். மரத்த காலு திரும்பி வராதாமே, அப்போ எப்பவும் மரக்கவே இல்லன்னு சொல்லுது." "அப்போ அன்னிக்கி இன்னா ஆச்சு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. வண்டி ஏன் நின்றது என்று கேட்பது போலக் கேட்டார்.

நாற்காலி போட்டு ஏறிப் பெடலை எடுத்தேன். கட்டிலுக்கடியிலிருந்து கீபோர்டை இழுத்து, தூசி தட்டி, கேபிளைச் செருகினேன். செய்திகளைக் காட்டும் ஆப்பைத் திறந்து போனை அவர் முன்னால் வைத்தேன். பழைய எல்லையை மறுபடி வைத்து, கட்டத்தை டிக் செய்து, மிதித்து எடுக்கச் சொன்னேன். எழுபது. பிறகு டிக்கை எடுத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். பூஜ்யம். "நான் வெச்சது மாமா. உன் காலு இல்ல" என்றேன். எப்போது தெரியும் என்பதையும் சொன்னேன். அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "நாலு வருஷமாவாடா?" என்றாள்.

மாமா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண் திரையிலேயே இருந்தது. அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு. கனரக லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். பழைய ஓனர் வண்டிகளை விற்றுவிட்டார். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. எங்கள் மூவருக்கும் தெரியும். "அப்போ நான் எடுத்துட்டேன்" என்று தனக்குள்ளாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பக்கத்துல தான உக்காந்துகினு இருந்த மச்சான்? என் காலு உனுக்குத் தெரியலியா?" என்றார்.

"துணி மறைச்சிடுச்சு மாமா" என்றேன்.

துணி முன்பக்கம்தான் சுற்றியிருந்தது. நான் பார்த்தேன். இடது கால் பெடலுக்கு ஒரு சாண் தள்ளி, குதிகால் தரையில், விரல்கள் மேலே தூக்கியபடி இருந்தது. சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓர் ஓட்டை. காலைத் தூக்கியிருக்கிறார் என்று பார்த்துக்கொண்டேதான், காலை எடு மாமா என்று சத்தம் போட்டேன். ஆப்பில் என்ன கோளாறு என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் கோளாறு அந்தக் காலில் இல்லை என்பது அந்த நிமிடமே தெரியும்.

மாமா தலையாட்டினார். நம்பிவிட்டார். மறுபடி பெடல் பக்கம் குனிந்து மிதித்தார், எடுத்தார். திரையில் பூஜ்யம் விழுந்தது. மறுபடி மிதித்து எடுத்தார். பூஜ்யம். கட்டைகளை அவர் தொடவில்லை. சோறு ஆறுகிறது என்று அக்கா இரண்டு முறை கூப்பிட்டும் எழவில்லை. காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் தவறவில்லை.