குளிக்கப் போனவர் கையில் தூக்குவாளி

கல்வராயன் மலைக்குக் குடும்பத்தோடு போகலாமா என்று நேற்று இந்தக் குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார்.

தாராளமாகப் போகலாம்.

பெண்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இதுவரை எங்கேயும் கூட்டிப் போகாத கணவர் திடீரென்று கூப்பிட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

என்னை என் வீட்டுக்காரர் கூப்பிட்டது எண்பத்தேழில், இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலத்தில். சங்கராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் எங்களுக்குக் கரும்பு விவசாயம். ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. போலீஸ் ஊர் ஊராக வந்து ஆண்களை விசாரித்துக்கொண்டிருந்தது. வெளியூர் போகவே எல்லோரும் பயந்த நேரம்.

அப்போதுதான் இவர் சொன்னார்: "மலைக்குப் போய்ட்டு வரலாமா? டீ எஸ்டேட் பாக்கலாம். குளுகுளுன்னு இருக்கும்."

கல்யாணமாகி நான்கு வருடத்தில் தியாகதுருகம் சந்தைக்குக்கூட என்னைக் கூட்டிப் போகாத மனிதர்!

அவர் கட்டி வைத்த பையைத் திறந்து பார்த்தேன். (பார்க்காமல் இருப்பேனா?) புது லுங்கி, ஒரு கம்பளி, ஜுர மாத்திரை, பீடிக்கட்டு.

இவர் பீடி குடிக்க மாட்டார்.

கேட்டதற்கு, குளிர் பிரதேசம், யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்றார்.

யார் அந்த யாராவது?

மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி வெள்ளிமலையில் இறங்கினோம். அங்கிருந்து நடை. காபி இருந்தது, மிளகுக் கொடி இருந்தது, பலா இருந்தது, மரவள்ளி இருந்தது. டீச்செடி மட்டும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எங்கே என்று கேட்டேன். இன்னும் உள்ளே போக வேண்டும் என்றார். குளிர் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இவருக்குப் பழக்கமான வெல்ல மண்டிக்காரர் ஒருவரின் காபித் தோட்டத்தில் தங்க ஏற்பாடு. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் சின்னப்பொண்ணு என்ற மலைக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும், களையான முகம். புருஷன் குடகு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்றாள்.

இவரைப் பார்த்ததுமே சிரித்தாள்.

"வாங்கண்ணா. சொன்ன மாதிரியே அண்ணியக் கூட்டிகினு வந்துட்டீங்களே."

அப்படியானால் இதற்கு முன்பும் வந்திருக்கிறார். பேசியிருக்கிறார். என்னைப் பற்றியே பேசியிருக்கிறார். கரும்பு வெட்டுக்கு ஆள் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிய நாளெல்லாம் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது.

ராத்திரி சாப்பாட்டில் மிளகு ரசம் வைத்தாள். அண்ணனுக்குப் பிடிக்கும் என்றாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஓடையில் குளித்துவிட்டு வருகிறேன் என்று இவர் கிளம்பினார். தோளில் துண்டு, சரி. கையில் தூக்குவாளி எதற்கு? அடுப்படியை எட்டிப் பார்த்தேன். சின்னப்பொண்ணையும் காணோம்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். காபிச்செடி ஆள் உயரம் இருந்ததால் மறைவாகப் போவது சுலபமாக இருந்தது. ஓடை இடது பக்கம். இவர் திரும்பியது வலது பக்கம். காபிக்கொட்டை காய வைக்கும் களத்தைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. வாசலில் சின்னப்பொண்ணு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் குனிந்து உள்ளே போனார்கள்.

ஊருக்குப் போய் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டேன். கதவைத் தள்ளினேன்.

உள்ளே இருட்டு. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இடுப்பில் இருந்த மகள்தான் முதலில் பேசினாள்.

"மாமா."

சாக்கு விரிப்பில் தாடியும் ஜுரமுமாகக் கிடந்தான் என் தம்பி சேகர். பெங்களூரில் வெல்டிங் கடையில் வேலை பார்க்கிறான் என்று இவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே சேகர். பெங்களூர் போகும் லாரியில் கொடுத்து அனுப்புகிறேன் என்று இவர் வாங்கிப்போன என் முறுக்கு டப்பா அவன் தலைமாட்டில் இருந்தது.

மறியல் கேஸில் அவன் பேரும் சேர்ந்துவிட்டதாம். அன்றைக்கே இவர் கொண்டுவந்து மலையில் விட்டிருக்கிறார். இப்போது ஜுரம் விடாமல் அடிக்க, அக்காவைப் பார்க்க வேண்டும் என்று அழுதிருக்கிறான்.

"மரத்த நான் வெட்டலக்கா. இழுத்துப் போட்டதோட சரி," என்றான்.

"இதுக்காடா இங்க வந்து ஒளிஞ்சிகினு இருக்க?"

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். நெற்றியைத் தொட்டதும் அழுகைதான் வந்தது.

என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று இவரிடம் கேட்டேன்.

"உன் வாயி சொல்லாது. மூஞ்சி சொல்லிடும்," என்றார்.

சின்னப்பொண்ணு வாளியைத் திறந்து அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இங்கேயே கிடந்தால் பிழைக்க மாட்டான், கீழே போய் டாக்டரையும் வக்கீலையும் பார்ப்போம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இவர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் சேகரை ஜன்னலோரம் உட்கார வைத்துக் கம்பளியைப் போர்த்திவிட்டேன். மகள் அவன் மடியிலேயே தூங்கிவிட்டாள். நல்லவேளை.

அடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். சேகரைப் பார்த்து யாரென்று கேட்டார். இவர் "அது வந்து சார்" என்று இழுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"என் தம்பி முருகன் சார். பெங்களூர்ல வெல்டிங் கடையில வேல பாக்கறான். லீவுல வந்தான், மலை சுத்திப் பாக்க வந்தோம். குளிரு ஒத்துக்கல, ஜுரம் வந்துருச்சி. டீ எஸ்டேட் இருக்குன்னு கூட்டிகினு போனாரு சார் இவரு, அங்க ஒரு செடிகூட இல்ல."

கடைசி வரியை மட்டும் உண்மையான கோபத்தோடு சொன்னேன். போலீஸ்காரர் இவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஜுரம் தணிந்ததும் சேகர் வக்கீலோடு போய்க் கோர்ட்டில் ஆஜரானான். சில நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். இழுத்துக்கொண்டே இருந்த கேஸ் பிறகு தள்ளுபடி ஆனது. இப்போது அவன் பேரன் எடுத்துவிட்டான்.

மலையிலிருந்து வீடு வந்து சேர்ந்த அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா பொய் சொல்ற நீ. என்னண்ட எத்தினி தடவ இப்பிடி சொல்லியிருக்க?"

நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

இன்றைக்கு வரைக்கும் அவ்வப்போது கேட்கிறார். இன்றைக்கு வரைக்கும் நான் பதில் சொல்லவில்லை.