மூன்று தரம் கூப்பிட்டவர்

குழந்தைவேலு அண்ணன் செத்துப் பதினாலு வருடம் கழித்துத்தான் எனக்குப் பழக்கமானார். கேலிக்குச் சொல்லவில்லை. வேதாரண்யம் பக்கத்தில் அவருடைய கிராமத்தில் போய்க் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஐம்பத்திரண்டு கார்த்திகைப் புயலில் நாகப்பட்டினத்துத் தோணி ஒன்று ஆட்களோடு முழுகியது. அந்தத் தோணியில் வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் இவர். போன இடத்தில் தோணிக்காரரோடு வாய்ச்சண்டை. கோபித்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேறி, அங்கே ஒரு காண்டிராக்டர் ஆள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, அந்தமான் கப்பலில் ஏறிவிட்டார். ஊரில் பதினாறாம் நாள் காரியம் செய்து, மனைவி கமலாட்சியின் தாலியையும் கழற்றிவிட்டார்கள்.

அடுத்த வருடம் போர்ட் பிளேரில் ஊர்க்காரர் ஒருவர் இவரைப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓட்டம் பிடித்தாராம். பேயைக் கண்டதாகத்தான் ஊரில் போய்ச் சொல்லியிருப்பார்.

"அப்பவாவது ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா? ஆறு மாசக் குழந்தைய விட்டுட்டு வந்த மனுசன்தானே நீங்க?" என்று நான் கத்தினேன்.

"முதல் வருசம் கோவம். ரெண்டாவது வருசம் வெக்கம். அப்பறம் பயம் வந்துருச்சு தம்பி," என்றார்.

இது அறுபத்தாறில், அந்தமானின் மாயாபந்தரில். அவர் வனத்துறையின் மோட்டார் படகில், லாஞ்ச் என்போம், எஞ்சின் டிரைவர். நான் ஸ்டோரில் கிளார்க். இரண்டு பேருக்கும் ஒரே குவார்ட்டர்ஸ். நல்ல மனிதர், நன்றாகச் சமைப்பார், என் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போடுவார். ஆனால் அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

லாஞ்ச் வாராவாரம் காட்டு முகாம்களுக்குப் போகும். அங்கே மரம் வெட்டியவர்கள் ராஞ்சியிலிருந்து வந்த கத்தோலிக்கர்கள். அவர்களைப் பார்க்க ஃபாதர் கயத்தான் எங்கள் லாஞ்சில்தான் வருவார். கோவாக்காரர், ஒல்லியான ஆள், வாயில் சுருட்டு. ரோடு இல்லாத அந்தக் காட்டுக்கு அவர்தான் தபாலாபீஸ், டாக்டர், பேப்பர் எல்லாம். பழைய படப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து, இதுதான் ரோம், இதுதான் பனி என்று காட்டுவார். பனியை யாரும் நம்பவில்லை.

அந்த வருடம் வெளிநாட்டுச் சபை ஒன்று அவருக்கு டேப் ரெக்கார்டர் அனுப்பியது. முகாமில் எல்லோரும் வரிசையாக நின்று அதில் பேசுவார்கள். பேசிய டேப்பைச் சுற்றிய ஸ்பூல் கப்பலில் கல்கத்தா போய், ரயிலில் ராஞ்சி போய், கிராமத்துக் கோயிலில் ஒலிக்கும். அங்கே இருப்பவர்கள் பதில் பேசி அனுப்புவார்கள். போய்வர நாலு மாதம். பேட்டரி ஈரம் குடித்துவிடும் என்பதால் குழந்தைவேலு அண்ணன் அதை எஞ்சின் மூடியின் சூட்டில் வைத்து உலர்த்திக் கொடுப்பார். அப்படித்தான் அவருக்கும் அந்தப் பெட்டிக்கும் பழக்கம்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, நானும் கூடப் போயிருந்தேன். பூசை முடிந்து, நல்ல உச்சி வெயில். முதல் பதில் ஸ்பூல் வந்திருந்தது. பெட்டியைச் சுற்றி எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு குரலாக வந்தது. அப்புறம் பௌலுஸ் என்பவனின் அம்மா பேசினாள். பௌலுஸ் அங்கே இல்லை. பத்து நாளைக்கு முன்னால் படாக் மரம் சரிந்து அவன்மேல் விழுந்துவிட்டது. நிறுத்த வேண்டும் என்று ஃபாதருக்குத் தோன்றவில்லை.

"பௌலுஸ், சாப்பிட்டியா?" என்று அவள் இந்தி கலந்த தங்கள் பாஷையில் கேட்டாள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். அந்தப் பெட்டியில் கேட்டால் மகன் அங்கேயே பதில் சொல்வான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. ஸ்பூல் சுற்றிக்கொண்டே இருந்தது. முகாமில் சில்வண்டுச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. பிறகு அவள், "அச்சா, அச்சா," என்றாள். சரி, சரி என்று, பதில் கிடைத்தவள் மாதிரி.

"காய்ச்சல் விட்டுச்சா?" மறுபடி அமைதி. மறுபடி, "அச்சா." கடைசியில் அவள் சிரித்தாள். அவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும். பௌலுஸின் பெண்டாட்டி எழுந்து காட்டுக்குள் போய்விட்டாள்.

திரும்பி வந்ததும் குழந்தைவேலு அண்ணன் படகுத்துறையில் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்: "செத்தவன்கூடவே பேசுது தம்பி அந்தப் பெட்டி. நானும் பேசிப் பாக்கறேன்."

விஷயத்தைச் சொன்னதும் ஃபாதருக்குக் கோபம் வந்தது. உயிரோடு இருக்கிறவன் லீவு போட்டுவிட்டு நேரில் போக வேண்டியதுதானே என்று இந்தியில் திட்டினார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "அவ வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் ஃபாதர். அடுத்த கப்பல்ல போயிடறேன்," என்றார். கடிதமாவது எழுது என்றதற்கு, கடுதாசியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், குரலை எழுத முடியாது என்றார். ஃபாதர் பெருமூச்சு விட்டுப் பட்டனை அழுத்தினார். "போலோ பாய், போலோ."

"கமலாட்சி," என்றார் அண்ணன். "நான்தான். நான் சாகல. அந்தமான்ல இருக்கேன். வான்னு சொல்லு, வந்துடறேன்." அவ்வளவுதான். அதற்குள் வேர்த்துவிட்டது.

வேளாங்கண்ணிப் பக்கத்தில் பங்குச்சாமியாக இருந்த பாதிரியார் ஒருவருக்கு ஃபாதர் ஸ்பூலை அனுப்பினார். மாசியில் பதில் வந்தது. எங்கள் அறையிலேயே போட்டுக் கேட்டோம். பங்குச்சாமியின் குரல், "பேசுங்கம்மா, பயப்படாதீங்க," என்றது. பிறகு ஒன்றுமில்லை. ஆனால் வெறும் ஒன்றுமில்லை அல்ல. யாரோ மூச்சு விட்டார்கள். வளையல் இல்லாத கை ஒன்று முறத்தை நகர்த்தியது. தூரத்தில் கோழி. ஒரு பெண், "அம்மா, யாரும்மா அது?" என்று கேட்க ஆரம்பிக்க, "உஸ்!" என்று ஒரு அதட்டல். அப்புறம் மிளகாய் நெருப்பில் வெடிக்கிற சத்தம், இருமல். பெட்டியைச் சுற்றி வேப்பிலை போட்டு மிளகாயைக் கொளுத்தினார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை, மன்னிக்கவும் என்று பங்குச்சாமி எழுதியிருந்தார்.

அண்ணன் அந்த ஸ்பூலை மறுபடி மறுபடி போடச் சொன்னார். நாலாவது தடவை தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் ஒரு முட்டாப்பய தம்பி. ஒரு தரம்தான் பேரைச் சொல்லிக் கூப்புட்டேன். பேய்தான் ஒரு தரம் கூப்புடும். மனுசன்னா மூணு தரம் கூப்புடணும். அதுக்கு முன்னாடி எங்க ஊர்ல யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

எங்கள் ஊரிலும் அப்படித்தான். எனக்கும் அது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஃபாதர் மட்டும் எங்கள் இரண்டு பேரையும் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆனாலும் பட்டனை அழுத்தினார். "கமலாட்சி. கமலாட்சி. கமலாட்சி," என்று அண்ணன் நிதானமாகக் கூப்பிட்டார். அந்த நாலு மாதத்துக்குள் அவர் புது வேட்டி வாங்கி வைத்திருந்தார், மகள் ஜெயமணிக்குச் சிப்பிமாலை வாங்கி வைத்திருந்தார். சந்தோஷமாக இருந்தார். எனக்கும் அந்தச் சந்தோஷம் தொற்றிக்கொண்டது.

ஆனி கடைசியில் பதில் வந்தது. இந்தத் தடவை கமலாட்சியே பேசினாள். அழுத்தமான, அவசரமில்லாத குரல்.

"கேட்டுச்சு. போன தரமும் கேட்டுச்சு. குரல் எனக்குத் தெரியாதா? எம் புருசன் பொயல்ல போயிட்டாரு. ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை இலை போடறேன். பதினாலு வருசமா ஒரே காக்காதான் வருது. ஒரு கால் விந்தும். நான் கூப்புடறதுக்கு முன்னாடியே கொல்லைச் சுவத்துல வந்து உக்காந்திருக்கும். வேற காக்காய அண்ட விடாது. தின்னுட்டு என்னைய ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போகும். புள்ள வயசுக்கு வந்தத அதுகிட்டதான் சொன்னேன். கல்யாணப் பேச்சு வந்ததையும் அதுகிட்டதான் சொன்னேன்."

முறத்தைத் தட்டிவிட்டு மேலே கேட்டாள்.

"நீ உசுரோட இருக்கேன்னு சொல்றே. அப்ப எங்கிட்ட வந்து சாப்புட்டுட்டுப் போனது யாரு?"

அண்ணன் பெட்டியை நோக்கிக் குனிந்தார். ஸ்பூல் சுற்றியது.

"அவரு வருசம் தவறாம வந்தாரு. நீ வரல. எனக்கு அவரு போதும். எங்க இருந்தாலும் நல்லா இரு. போ."

சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிற விருந்தாளியைக்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் நாம் அனுப்புவோம். வெறும் 'போ' என்று யாரை அனுப்புவோம் என்று சொல்லத் தேவையில்லை. நான் விம்மிவிட்டேன். அண்ணன் அழவில்லை. "சரி," என்றார், பெட்டியைப் பார்த்து.

அதற்கப்புறம் சில வாரங்களில் ஆடி அமாவாசை. நான் சாம்பார் வைத்துக் கூப்பிட்டேன். "வேணாம் தம்பி. இன்னிக்கு எனக்கு அங்க," என்றார். துக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். சூரியன் சாய்கிற நேரத்தில் எழுந்து போய்க் கையைக் கழுவினார். நன்றாகச் சாப்பிட்டவர் மாதிரி ஏப்பம் விட்டார். "வாழைக்காய்ல உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார்.

ஆறு வருடம் இப்படியே நடந்தது. வருடத்தில் மற்ற நாளெல்லாம் அவர் எல்லோரையும் போல லாஞ்ச் ஓட்டினார், மீன் குழம்பு வைத்தார், மேஸ்திரிகளோடு சண்டை போட்டார். அந்த ஒரு நாள் மட்டும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல், சாயங்காலம் வயிற்றைத் தடவிக்கொண்டு வருவார். ஜெயமணியின் கல்யாணம் நடந்த வருடம், "பாயசமும் வச்சிருக்கா," என்றார். கல்யாணச் செய்தி எங்களுக்குப் பங்குச்சாமி மூலம் வந்தது அதற்கப்புறம்தான். நான் அந்த நாளில் டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்டோரிலேயே இருக்க ஆரம்பித்தேன். அவரோடு ஒரே அறையில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

எழுபத்துமூன்றில் ஆடி அமாவாசையன்று நான் சாயங்காலம் திரும்பியபோது அவர் அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காலிப்பானை ஒன்றைக் கையில் பிடித்திருந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"தம்பி, பசிக்குதுடா," என்றார். அதுவரை என்னை 'டா' போட்டதில்லை.

"காலைலேர்ந்து பாக்கறேன். உச்சியும் தாண்டிருச்சு. யாரும் இலை போடல. கமலாட்சி போயிட்டா."

உளறாதீங்க என்று அதட்டினேன். அதட்டிக்கொண்டே உலை வைத்தேன். சோறு வேகிறவரை அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாதிரி அழுதார். வெந்ததும் குழம்புகூட ஊற்றாமல் வெறும் சோற்றை அள்ளி அள்ளித் தின்றார்.

இரண்டு கப்பல் கழித்துப் பங்குச்சாமியின் கடிதம் வந்தது. கமலாட்சி காலமானது ஆனி மாதம் பதினெட்டாம் தேதி, மூன்று நாள் காய்ச்சலில், என்று எழுதியிருந்தது. படித்துக்காட்ட எடுத்துக்கொண்டு போனேன். அவர் அடுப்பில் அரிசியைக் கிளறிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. எனக்குப் பயமெல்லாம் போய்விட்டது. அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.